நிறம் போடுவதும் நிறம் எடுப்பதும்: அழகுக்கலை மாணவர்களுக்கான ஹேர் கலரிங் வழிகாட்டி

கறுப்பு முடியில் ப்ளீச் தடவி, ஃபாயிலில் மடித்து வைத்து, 20 நிமிடம் கழித்துத் திறந்து பார்க்கிற மாணவருக்கு முதலில் வருவது திகைப்புதான். "நான் ஆரஞ்சு போடவே இல்லையே, இது எங்கிருந்து வந்தது?" வகுப்பில் இந்தக் கேள்வி காதில் விழாத வருடமே கிடையாது.

அந்த ஆரஞ்சு முடிக்குள்ளேயே, கறுப்புக்கு அடியில் இருந்தது. ப்ளீச் கறுப்பை எடுத்ததும் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், மற்றதெல்லாம் கணக்கு: முடிக்குள் ஏற்கெனவே இருப்பதும் நாம் போடுவதும் சேர்ந்தால் என்ன வரும் என்கிற கணக்கு. ட்யூப் அட்டையில் இருக்கிற படத்தைப் பார்த்து ஷேடு எடுக்காதீர்கள், முடியைப் பார்த்து எடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

முடிக்குள் என்ன இருக்கிறது

ஒரு முடி இழையின் வெளிப்புற அடுக்கு க்யூட்டிகிள். கூரையில் ஓடு அடுக்கியது போல, ஒன்றன் மேல் ஒன்று படிந்த செதில்கள். அதற்கு உள்ளே கார்டெக்ஸ். முடியின் பலமும் நிறமும் இங்கேதான் இருக்கின்றன. நடுவில் மெடுல்லா, மெல்லிய முடியில் அது இல்லாமலும் இருக்கும், கலரிங்குக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.

கார்டெக்ஸில் இருக்கும் இயற்கை நிறமி மெலனின். அதில் இரண்டு வகை. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். லைட்டனர், அதாவது ப்ளீச், பட்டதும் யூமெலனின் முதலில் உடைந்து கரைகிறது. ஃபியோமெலனின் லேசில் போகாது. அதனால்தான் எவ்வளவு கறுப்பான முடியாக இருந்தாலும் வெளுக்கும்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்ற வழியாகத்தான் போகும்.

முடியின் இயல்பான பிஎச் சுமார் 4.5 முதல் 5.5 வரை, அதாவது லேசான அமிலத்தன்மை. கலரிலும் லைட்டனரிலும் இருக்கிற அம்மோனியா போன்ற காரப்பொருள் முடியை ஊதச் செய்து, க்யூட்டிகிள் செதில்களைத் திறந்துவிடுகிறது. லைட்டனரின் பிஎச் 10 அளவில் இருக்கும். 5க்கும் 10க்கும் ஐந்து படிதான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஐந்து படி என்றால் ஒரு லட்சம் மடங்கு. ஒரு முடி இழை அதைத் தாங்குமா என்பதை முன்கூட்டியே பார்க்க வேண்டாமா? அதற்கு இரண்டு சோதனைகள் உண்டு.

முதலாவது போரோசிட்டி, அதாவது முடி எவ்வளவு உறிஞ்சும் என்பது. காய்ந்த முடியில் சில இழைகளை நுனியில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரல்களை நுனியிலிருந்து வேரை நோக்கி நகர்த்துங்கள். வழுவழுவென்று போனால் செதில்கள் மூடியிருக்கின்றன. கலர் ஏறத் தாமதமாகும். சொரசொரவென்று தட்டுப்பட்டால் செதில்கள் திறந்திருக்கின்றன; கலர் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கியும்விடும். அப்படிப்பட்ட நுனியில் ஆஷ், அதாவது சாம்பல் சாயலுள்ள ஷேடு போட்டால் எதிர்பார்த்ததைவிட இருண்டு, மங்கிப்போய் வரும்.

இரண்டாவது எலாஸ்டிசிட்டி. ஈரமான ஒரு இழையை மெதுவாக இழுங்கள். நல்ல முடி தன் நீளத்தில் பாதி அளவுவரை கூடுதலாக நீண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாமல் தொங்கினாலோ, ரப்பர் போல இழுபட்டு அறுந்தாலோ, அன்றைக்கு அந்த முடியில் லைட்டனர் வேண்டாம். கிளையன்ட் எவ்வளவு கேட்டாலும் வேண்டாம்.

லெவல், டோன், எண்கள்

ஒரு நிறம் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பதைச் சொல்வது லெவல். 1 என்றால் கறுப்பு, 10 என்றால் மிக வெளிறிய பொன்னிறம். அந்த நிறத்தின் சாயல் என்ன என்பதைச் சொல்வது டோன். ஆஷ், நீலம், ஊதா எல்லாம் குளிர்ந்த டோன்கள். கோல்டு, காப்பர், ரெட் எல்லாம் வெதுவெதுப்பான டோன்கள். இரண்டு பக்கமும் சாயாதது நேச்சுரல்.

ட்யூபில் 6.3 என்று இருந்தால் புள்ளிக்கு முன்னால் லெவல், பின்னால் டோன். பல கம்பெனிகளில் 1 ஆஷ், 3 கோல்டு, 4 காப்பர். ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் இது பொருந்தாது, சிலர் எழுத்தும் போடுவார்கள். அதைவிட முக்கியம், ஆஷ் என்று பெயர் இருந்தாலும் ஒரு கம்பெனியில் அதன் அடிப்படை நீலமாக இருக்கும், இன்னொன்றில் பச்சையாகவோ ஊதாவாகவோ இருக்கும். புது பிராண்ட் கையில் எடுத்தால் முதலில் அதன் ஷேடு கார்டைப் படியுங்கள்.

இயற்கை லெவலைக் கண்டுபிடிப்பது கண்ணுக்கான பயிற்சி. முடி சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். ஈர முடி எப்போதும் இருண்டு தெரியும். வேர்ப் பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு முடியை எடுத்து, தலையை விட்டுத் தூக்கிப் பிடியுங்கள், இழைகளுக்கு நடுவே வெளிச்சம் புக வேண்டும். ஸ்வாட்சை, அதாவது ஷேடு கார்டில் இருக்கும் மாதிரிக் கற்றையை, வேருக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முடியைத் தலையோடு அழுத்தி வைத்துப் பார்த்தால் ஒரு லெவல் குறைத்தே சொல்வீர்கள்.

ஒவ்வொரு லெவலுக்கு அடியிலும் ஒரு வெதுவெதுப்பான நிறம் ஒளிந்திருக்கிறது. இதை மனப்பாடமே செய்துவிடுங்கள்:

லெவல் 1 முதல் 3 வரை: அடர் சிவப்பு கலந்த பழுப்பு
லெவல் 4: சிவப்பு
லெவல் 5: சிவப்பு ஆரஞ்சு
லெவல் 6: ஆரஞ்சு
லெவல் 7: மஞ்சள் ஆரஞ்சு
லெவல் 8: பொன் மஞ்சள்
லெவல் 9: மஞ்சள்
லெவல் 10: வெளிர் மஞ்சள்

இதோடு கலர் வீலைச் சேர்த்துப் பாருங்கள். சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும். சிவப்பை அடக்குவது பச்சை, ஆரஞ்சை அடக்குவது நீலம், மஞ்சளை அடக்குவது ஊதா. மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பொன் மஞ்சளாக வெளுத்த முடியில் நீல அடிப்படை கொண்ட ஆஷைப் போட்டுவிட்டு, பச்சை அடிக்கிறதே என்று ஓடி வருவார்கள். மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சைதானே வரும்? அங்கே தேவைப்பட்டது ஊதா.

கலர் வகைகள்

டெம்பரரி கலரில் நிறத் துகள்கள் பெரியவை. க்யூட்டிகிளின் மேலேயே படிந்து ஒரு வாஷில் போய்விடும். செமி பெர்மனென்ட் கொஞ்சம் உள்ளே போகும், டெவலப்பர் (கலரோடு கலக்கும் பெராக்சைடு திரவம்) தேவையில்லை, சில வாஷ்களுக்கு நிற்கும். டெமி பெர்மனென்டுக்குக் குறைந்த வலுவுள்ள டெவலப்பர் வேண்டும். நிறத்தைச் சேர்க்கும், இயற்கை நிறத்தைப் பெரிதாக எடுக்காது. டோன் செய்யவும், மங்கிய கலரைப் புதுப்பிக்கவும், நரையைக் கலந்து மறைக்கவும் எனக்குப் பிடித்தது இதுதான்.

பெர்மனென்ட் கலர் நடந்துகொள்ளும் விதம் வேறு. ட்யூபிலிருந்து வரும்போது அதன் சாய மூலக்கூறுகள் மிகச் சிறியவை, நிறமே இல்லாதவை. அம்மோனியா கதவைத் திறக்க, அவை கார்டெக்ஸுக்குள் நுழைகின்றன. பெராக்சைடு பட்டதும் உள்ளேயே ஒன்றோடொன்று இணைந்து பெரிய நிற மூலக்கூறுகளாகின்றன. வந்த வழியாக வெளியே போக முடிவதில்லை. கிண்ணத்தில் க்ரீம் நிறத்தில் இருக்கும் கலவை தலையில் கறுத்துக்கொண்டே போவது இதனால்தான். இந்த மூலக்கூறுகளில் பரவலாகப் பயன்படுவது பாரா ஃபினைலின் டையமின், சுருக்கமாகப் பிபிடி. அலர்ஜி என்ற பேச்சு வரும்போதெல்லாம் முதலில் அடிபடும் பெயரும் இதுதான். செயற்கை முடிச்சாயம் தயாரித்து விற்ற முன்னோடிகளில் ஒருவர் ஓஷேன் ஷூயலர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 1907இல். பின்னாளில் லோரியால் ஆன நிறுவனம் அங்கிருந்து வளர்ந்தது.

மருதாணியை ஒரு தனி வகையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதன் சாயம் முடியின் கெரட்டினோடு பிணைந்துவிடும். சுத்தமான மருதாணி முடிக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் அதன் மேல் லைட்டனர் போட்டால் சீராக வெளுக்காது, ஆரஞ்சு விடாப்பிடியாக நிற்கும். அவுரி சேர்த்துப் போட்ட முடி வெளுக்கும்போது பச்சை தட்டலாம். உண்மையான ஆபத்து, உலோக உப்பு கலந்த பொடிகளிலும் படிப்படியாகக் கறுக்க வைக்கும் சாயங்களிலும் இருக்கிறது. பெராக்சைடு பட்டால் அந்த முடி சூடேறி, புகைந்து, உடையவே செய்யும்.

டெவலப்பர்

டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. 10 வால்யூம் என்றால், அந்தத் திரவம் முழுவதும் சிதையும்போது தன் அளவைப் போல 10 மடங்கு ஆக்சிஜன் வாயுவை வெளியே விடும் என்று பொருள்.

10 வால்யூம், 3 சதவீதம்: நிறம் சேர்க்க, டோன் செய்ய. லிஃப்ட், அதாவது முடியை வெளிச்சமாக்கும் அளவு, மிகக் குறைவு.
20 வால்யூம், 6 சதவீதம்: 1 முதல் 2 லெவல் வரை லிஃப்ட், நரையை மறைக்க இதுவே சரி.
30 வால்யூம், 9 சதவீதம்: 2 முதல் 3 லெவல்.
40 வால்யூம், 12 சதவீதம்: ஹை லிஃப்ட் கலரோடு 4 லெவல் வரை.

இந்தக் கணக்கு பெர்மனென்ட் கலருக்கானது. லைட்டனர் பொடியோடு 20 வால்யூம் சேர்த்தாலே பல லெவல் தூக்கும், நேரம் மட்டும் கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல் நேரம் உங்களுக்கு நல்லது, முடி மாறுவதைப் பார்க்கவும் சரியான இடத்தில் நிறுத்தவும் அவகாசம் கிடைக்கும். 40 வால்யூமைத் தலைத்தோலில் படும்படி எப்போதும் வைக்காதீர்கள். படிக்கும் காலத்தில் அந்தப் பாட்டிலைத் தொடாமலே இருப்பது நல்லது என்பது என் கருத்து.

முதல் படி: கேள்விகளும் சோதனைகளும்

முடி மாதத்துக்குச் சுமார் 1.25 சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனிக்கு வயது இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் அதன் மேல் பட்டது எல்லாம் இன்னும் அங்கேயே இருக்கிறது. எனவே "போன மாதம் என்ன போட்டீர்கள்?" என்று கேட்டால் போதாது. "இரண்டு மூன்று வருடத்தில் வீட்டில் போட்டது, கடையில் போட்டது, மருதாணி, ஸ்ட்ரெய்ட்டனிங், எல்லாம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பலர் மருதாணியைக் கலராகவே கணக்கில் சேர்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கேட்டால்தான் சொல்வார்கள்.

பேட்ச் டெஸ்ட் 24 முதல் 48 மணி நேரம் முன்பே செய்ய வேண்டும். காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உட்பக்கம் சிறு இடத்தைச் சுத்தம் செய்து, போடப்போகும் அதே கலரைத் தயாரிப்பாளர் சொன்ன முறையில் தடவி விட்டுவிடுங்கள். சிவந்தாலோ, அரித்தாலோ, வீங்கினாலோ, கொப்புளம் வந்தாலோ அந்தக் கலர் வேண்டாம். "பத்து வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்பவருக்கும் டெஸ்ட் உண்டு. இந்த அலர்ஜி பல தடவை பயன்படுத்திய பிறகுகூட வரும். கையில் கறுப்பு மெஹந்தி டாட்டூ போட்டு எரிச்சல் வந்ததா என்றும் கேளுங்கள். அதில் பெரும்பாலும் பிபிடி கலந்திருக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் அடுத்து முடிச்சாயம் படும்போது கடுமையாகத் தாக்கலாம்.

உலோக உப்பு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் 30 மில்லி 20 வால்யூம் பெராக்சைடும் 20 சொட்டு 28 சதவீத அம்மோனியாவும் கலந்து, வெட்டியெடுத்த சில இழைகளை 30 நிமிடம் போட்டு வையுங்கள். கலவை சூடேறினாலோ, நுரைத்தாலோ, வாடை வந்தாலோ, முடி உதிர்ந்து போனாலோ அந்தத் தலையில் கலர் வேலை கிடையாது. ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, காற்றோட்டமான இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கடைசியாக ஸ்ட்ராண்ட் டெஸ்ட். தலையின் உட்பகுதியில், வெளியே தெரியாத இடத்தில் சிறு கற்றை எடுத்து, போடப்போகும் கலவையைப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம், என்ன நிறம், முடி தாங்குகிறதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: வர்ஜின் முடியில் பெர்மனென்ட் கலர்

இதுவரை எந்த ரசாயனமும் படாத முடியைத்தான் வர்ஜின் ஹேர் என்கிறோம். எந்த லெவல் ட்யூப் எடுப்பது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: வேண்டிய லெவலை இரண்டால் பெருக்கி, இயற்கை லெவலைக் கழியுங்கள். இயற்கை 4, வேண்டியது 6 என்றால், 12இல் 4 போக 8. அதாவது லெவல் 8 ட்யூபும், இரண்டு லெவல் தூக்கக்கூடிய டெவலப்பரும். ஆறு வேண்டுமென்று 6ஆம் எண் ட்யூபை எடுத்தால் இருண்டுதான் வரும். தூக்கும்போது ஆரஞ்சு வெளியே வரும் என்பதால், டோனில் கொஞ்சம் நீல அடிப்படை இருக்கட்டும்.

முடியை இருட்டாக்குவது சுலபம். நான்கு பகுதியாகப் பிரித்து, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய கற்றைகளாக எடுத்து, வேரிலிருந்து நுனிவரை ஒரே மூச்சில் தடவலாம். வெளிச்சமாக்கும்போது அப்படிச் செய்யக்கூடாது. தலைத்தோலை ஒட்டி 1.25 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, நடுப்பகுதியில் முதலில் தடவுங்கள். தலையின் சூட்டில் வேர்ப்பகுதி வேகமாக வேலை செய்யும். அதைக் கடைசியில் தடவினால்தான் எல்லாம் ஒன்றாக முடியும்.

ஒரு சட்டம் இருக்கிறது, எங்கேயும் மாறாது: கலர் மேல் கலர் போட்டு வெளிச்சமாக்க முடியாது. ஏற்கெனவே லெவல் 3 சாயம் போட்ட முடியில் லெவல் 7 ட்யூபைப் போட்டால், புதிதாக வளர்ந்த வேர் மட்டும் பளிச்சென்று வெளுக்கும், கீழே ஒன்றும் நகராது. சாயம் போட்ட முடியை வெளிச்சமாக்க வேண்டுமென்றால் கலர் ரிமூவர் அல்லது லைட்டனர்தான் வழி.

நரை முடிக்குத் தனி யோசனை வேண்டும். அங்கே மெலனின் இல்லை. அதனால் அடியில் எந்த வெதுவெதுப்பும் இல்லை. வெறும் ஆஷ் போட்டால் சாம்பல் பூத்தது போல வரும், வெறும் ரெட் போட்டால் கண்ணைப் பறிக்கும். அந்த வெதுவெதுப்பை நாம்தான் கொடுக்க வேண்டும். பாதி நரை என்றால் பாதிக்குப் பாதி நேச்சுரல் ஷேடு கலந்துகொள்ளுங்கள். நரை அதிகமுள்ள இடத்தில், பெரும்பாலும் நெற்றியோரமும் பொட்டுப் பகுதியும், முதலில் தடவுங்கள். தயாரிப்பாளர் சொன்ன முழு நேரமும் விடுங்கள். நரைக்கு அது 45 நிமிடம் வரைகூடப் போகும். பாதியில் துடைத்துப் பார்த்து "பிடித்துவிட்டதே" என்று கழுவினால், மூலக்கூறுகள் முழுதாக இணைந்திருக்காது, இரண்டு வாரத்தில் நரை எட்டிப் பார்க்கும்.

மூன்றாம் படி: லைட்டனிங்

இனி வருவதுதான் கவனம் அதிகம் கேட்கிற இடம். நான் மாணவியாக இருந்தபோது செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். லெவல் 3 வர்ஜின் முடி, தோள்வரை நீளம். அவசரத்தில் லைட்டனரை வேரிலிருந்து நுனிவரை ஒரே தடவையில் தடவிவிட்டேன். கழுவிப் பார்த்தால் தலையை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு வெளிர் மஞ்சள் வளையம், அதற்குக் கீழே ஆரஞ்சு, நுனியில் சிவப்பு கலந்த பழுப்பு. இதற்கு ஹாட் ரூட்ஸ் என்று பெயர். அந்த மூன்று பட்டையையும் ஒன்றாக்க மூன்று தடவை அந்தக் கிளையன்டை வரவழைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால் இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

1. முந்தைய நாளோ அதற்கு முன்போ அலசிய, காய்ந்த முடியில் ஆரம்பியுங்கள். தலையில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசை தோலுக்குப் பாதுகாப்பு. கீறலோ புண்ணோ இருந்தால் வேறொரு நாள்.

2. நெற்றி நடுவிலிருந்து பிடரிவரை, காதிலிருந்து காதுவரை என்று நான்கு பகுதியாகப் பிரியுங்கள். கையுறை போட்ட பிறகு, உலோகமில்லாத கிண்ணத்தில் லைட்டனரைக் கலக்குங்கள். கலந்த நிமிடத்திலிருந்தே அது வலுவிழக்கத் தொடங்கும், அதனால் கடைசியாகக் கலக்குங்கள். தலைத்தோலில் படுமானால் அதற்கென்றே வரும் எண்ணெய் அல்லது க்ரீம் வகை. ஃபாயிலுக்குள் மட்டும் என்றால் பவுடர் வகை போதும்.

3. கற்றை 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போகக்கூடாது. தடிமனாக எடுத்தால் மேலும் கீழும் வெளுத்து, நடுவில் இருட்டு தங்கிவிடும். முடி எங்கே அதிகம் கறுப்போ அங்கே ஆரம்பித்து, வேரையொட்டி 1.25 சென்டிமீட்டரும் உறிஞ்சும் நுனியும் விட்டு, நடுப்பகுதியில் தாராளமாகத் தடவுங்கள். கற்றைகளுக்கு நடுவே வேர்ப்பகுதியில் பஞ்சுப்பட்டை வைத்தால் லைட்டனர் தலைக்கு வழியாது.

4. முடித்ததும் முதலில் தடவிய இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். லைட்டனர் காய்ந்துவிட்டால் வேலை செய்வதை நிறுத்திவிடும். காய்ந்த இடத்தில் மறுபடி தடவுங்கள்.

5. சுமார் 15 நிமிடத்தில் ஒரு கற்றையை ஈரத் துண்டால் துடைத்துப் பாருங்கள். அப்புறம் சில நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

6. நடுப்பகுதி பாதி வழி வந்ததும், புதிதாகக் கலந்த லைட்டனரை வேர்ப்பகுதியிலும் நுனியிலும் தடவுங்கள்.

7. வேண்டிய நிறம் வந்ததும் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் அலசி, மென்மையான ஷாம்பூ போட்டு, அமிலத்தன்மையுள்ள கண்டிஷனரால் செதில்களை மூடுங்கள்.

அந்த 5ஆம் படியில் கண் எதைத் தேட வேண்டும் என்று சொல்கிறேன். துடைத்த கற்றையை வெள்ளைத் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். முதலில் கறுப்பு பழுப்பாகும். அதில் சிவப்பு கசியும். அப்புறம் செங்கல் நிறம், அப்புறம் பளீர் ஆரஞ்சு. பெரும்பாலான கறுப்பு முடி இந்த ஆரஞ்சில் வெகுநேரம் நின்றுவிடும். பொறுமை போய், டெவலப்பரைக் கூட்டத் தோன்றுவது இந்த இடத்தில்தான். கூட்டாதீர்கள். ஆரஞ்சு மெல்லத் தங்கமாகும், தங்கம் மஞ்சளாகும், கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்பக்கத்தில் இருக்குமே, அந்த வெளிர் மஞ்சள். அங்கே நிறுத்திவிட வேண்டும். வெள்ளையாகும்வரை விட்டால் முடி அதற்குள் செத்துவிடும். ஈரத்தில் பிசுபிசுவென்று நூல்போல நீளும், காய்ந்தால் உடையும். வெள்ளை வேண்டுமென்றால் அதை டோனர் தரும், லைட்டனர் தராது.

எல்லாத் தலையும் ஒரே நாளில் வெளிர் மஞ்சளுக்கு வராது. லெவல் 2 முடியை இரண்டு மூன்று சிட்டிங்காகப் பிரித்து, நடுவில் முடிக்கு ஓய்வு கொடுத்துச் செய்வதுதான் யோக்கியமான வேலை. இதை ஆரம்பத்திலேயே கிளையன்டிடம் சொல்லிவிடுங்கள்.

ரீடச் என்றால் புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் தடவுவது. ஏற்கெனவே வெளுத்த முடியின் மேல் லைட்டனர் ஏறினால் அந்தக் கோட்டிலேயே முடி உடையும். தூரிகையை எல்லைக்கு ஒரு மயிரிழை முன்பே நிறுத்துங்கள். க்ரீம் ஊதி அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

நான்காம் படி: டோனர்

வெளுத்த முடியில் மீந்திருக்கும் வெதுவெதுப்பைச் சரிசெய்வது டோனர். முடி எந்த லெவலுக்கு வந்திருக்கிறதோ அந்த லெவல் டோனரைத்தான் எடுக்க வேண்டும். முடி லெவல் 7 ஆரஞ்சில் நிற்கும்போது லெவல் 10 ஊதா டோனர் போட்டால் ஒன்றும் நடக்காது. அது மிக மெல்லிய நிறம், ஆரஞ்சை அடக்கும் வலு அதற்கு இல்லை, ஊதாவுக்கு அது வேலையும் இல்லை. அங்கே லெவல் 7 நீல அடிப்படை வேண்டும், அல்லது இன்னும் லிஃப்ட் செய்ய வேண்டும்.

துண்டால் ஒற்றிய ஈர முடியில், குறைந்த வால்யூம் டெவலப்பரோடு தடவி, கண்ணை எடுக்காமல் பாருங்கள். வெளுத்த முடி பஞ்சு மாதிரி. 5 நிமிடத்தில் சரியாக இருப்பது 10 நிமிடத்தில் சாம்பல் ஊதாவாகிவிடும்.

ஹைலைட் உத்திகள்

ஃபாயில் முறையில் கற்றை எடுப்பது இரண்டு விதம். வால் சீப்பின் நுனியால் நேர்க்கோட்டில் மெல்லியதாக அப்படியே எடுப்பது ஸ்லைஸ். தைப்பது போல மேலும் கீழுமாகக் கோர்த்து, சில இழைகளை விட்டு எடுப்பது வீவ். ஸ்லைஸ் தடித்த கோடாகத் தெரியும், வீவ் கலந்து தெரியும். மிக நுண்ணிய வீவ்தான் பேபிலைட்ஸ். ஃபாயிலின் மடிப்பை வேரோடு ஒட்டிப் பிடித்து, லைட்டனரை மடிப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழிருந்து ஆரம்பியுங்கள். விளிம்புவரை தடவினால் கசிந்து வேரில் திட்டு விழும். வெளுப்பதற்குப் பதிலாக இருண்ட கற்றைகள் சேர்த்தால் லோலைட். முழுக்க வெளுத்த தலைக்கு உயிர் கொடுப்பது அதுதான்.

துளையுள்ள தொப்பியைப் போட்டு, துளை வழியாக இழைகளை வெளியே இழுத்து வெளுக்கும் கேப் முறை குட்டை முடிக்கு மட்டும் போதும்.

பாலயாஜ் என்பது பெருக்குதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். கையால், முடியின் மேற்பரப்பில் பெருக்குவது போலத் தூரிகையை ஓட்ட வேண்டும். நுனியில் அழுத்தமாக, மேலே போகப் போகக் கை லேசாக. கற்றையை இழுத்துப் பிடித்து, இரண்டு ஓரங்களிலும் மேலே ஏற்றி, நடுவில் இறக்கி வி வடிவில் தடவினால் எல்லைக்கோடு தெரியாது. திறந்த வெளியில் லைட்டனர் சீக்கிரம் காயும், சூடும் தங்காது. அதனால் கறுப்பு முடியில் லிஃப்ட் போதாமல் போவது சகஜம். தூரிகையால் பாலயாஜ் போலவே தடவி ஃபாயிலில் மூடினால் அந்தக் குறை தீரும். அதற்குத்தான் ஃபாயிலயாஜ் என்று பெயர். ஓம்ப்ரேயில் மேலே இருட்டாகத் தொடங்கி, நுனிக்கு வரவர எல்லா முடியும் வெளிச்சமாகும். வேர்ப்பகுதியில் மட்டும் டெமி கலரால் மெல்லிய நிழல் போட்டுக் கோட்டை மறைப்பது ரூட் ஷேடோ.

மறுபடி இருட்டாக்கும்போது

வெளுத்த முடியைப் பழுப்புக்குத் திரும்பக் கொண்டுபோவது சுலபம் என்று நினைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறைய. லெவல் 9 முடியில் லெவல் 5 நேச்சுரலை நேராகப் போட்டால் மங்கலாக, பச்சை கலந்த சேற்று நிறம் வரும், சில வாஷில் இறங்கியும் போகும். லெவல் 5க்கு அடியில் இருக்க வேண்டிய சிவப்பும் ஆரஞ்சும் அங்கே இல்லையே. முதலில் காப்பரும் கோல்டும் கலந்த ஃபில்லரால் அதை நிரப்பி, அதன் மேல் பழுப்பைப் போடுங்கள். பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்ததைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அலசும்போதும் அதற்குப் பிறகும்

கலரை அலசுவதற்கு முன் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் விட்டு, தலையோரங்களில் விரலால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். கலர் குழைந்து, தோலில் பட்ட கறை தானாகவே கிளம்பிவிடும்.

கலந்து மீந்த கலரையோ லைட்டனரையோ மூடிய டப்பாவில் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடித்துவிடும். பவுடர் லைட்டனரில் இருக்கும் பெர்சல்ஃபேட் தூசி, வருடக்கணக்கில் சுவாசிக்கிற நமக்கு ஆஸ்துமா வரவழைக்கக் கூடியது. ஜன்னலைத் திறந்து வைத்து, பொடியைத் தூவாமல் மெதுவாகக் கரண்டியால் எடுங்கள். கையுறை அலசும்போதும் கையில் இருக்கட்டும். தலைக்குப் போடும் சாயத்தைப் புருவத்திலோ இமையிலோ ஒருபோதும் தொடாதீர்கள், கண்பார்வையே போகலாம்.

கிளையன்ட் எழுந்து போன கையோடு ரெக்கார்டு கார்டை எழுதுங்கள். இயற்கை லெவல், நரை எவ்வளவு, போரோசிட்டி, பேட்ச் டெஸ்ட் தேதியும் முடிவும், ஷேடு எண்கள் கிராம் கணக்கில், டெவலப்பர் வால்யூம், எங்கே முதலில் தடவினீர்கள், எத்தனை நிமிடம். லைட்டனிங் என்றால் எந்த நிறத்தில் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். "மஞ்சள்" என்று மட்டும் எழுதாமல், "15ஆம் நிமிடம் ஆரஞ்சு, 35இல் பொன் மஞ்சள், 45இல் வாழைத்தோல் மஞ்சள், இடது காதோரம் மட்டும் இன்னும் ஆரஞ்சு" என்று எழுதினால், ஆறு வாரம் கழித்து அவர் ரீடச்சுக்கு வரும்போது இடது காதோரத்தில் முதலில் தடவ வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.